பேர் ரன் ஓடையின் மேல்: ஒரு பென்சில்வேனியா பயணம்

வியாழன், பிட்ஸ்பர்க்

ஐந்தாம் அவென்யூவும் ஸ்மித்ஃபீல்ட் தெருவும் சேரும் முனையில், பழைய காஃப்மன் கடைக் கட்டடத்தின் மூலையில், ஒரு பெரிய வெண்கலக் கடிகாரம் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் பல தலைமுறைகளாக "கடிகாரத்துக்குக் கீழே வந்துடு" என்று சொல்லித்தான் ஒருவரையொருவர் சந்தித்திருக்கிறார்கள். இன்று மாலை நானும் தம்பியும் அங்கேதான் நின்றோம். 1871இல் தொடங்கிய கடை அது. 2006இல் மேசிஸ் என்று பெயர் மாறி, 2015இல் மூடிவிட்டார்கள்.

நான் பார்க்க வந்தது கடையை இல்லை. ஃபாலிங்வாட்டர் என்ற வீட்டை. இங்கிருந்து தென்கிழக்கே ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். ஆனால் அந்த வீட்டுக்கான பணம் இந்தக் கடையிலிருந்து வந்தது. வீட்டைக் கட்டச் சொன்ன எட்கர் காஃப்மன் இந்தக் கடையின் முதலாளி. கடை ஊழியர்கள் கோடையில் போய்த் தங்குவதற்காக மலையில் பேர் ரன் என்ற ஓடையருகே ஒரு முகாம் இருந்தது. அந்த நிலம் பிறகு குடும்பத்தின் கைக்கு வந்தது. உருக்காலைப் புகையால் நண்பகலிலும் தெருவிளக்கு எரிந்த நகரம் அன்றைய பிட்ஸ்பர்க். வார இறுதியில் மலைக்கு ஓடிப்போக வேண்டும் என்று அவர்கள் ஏங்கியதில் வியப்பில்லை.

கட்டடங்களுக்குக் கான்கிரீட்டும் கம்பியும் கணக்குப் போடுவது என் வேலை. மதுரைப் பக்கம் சைட்டுகளில் கம்பி எண்ணி நின்றே பாதி வாழ்க்கை போயிருக்கிறது. எங்கள் துறையில் ஃபாலிங்வாட்டரின் படத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அருவிக்கு மேலே, கீழே ஒரு தூணும் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் மாடங்கள். 1930களில் அதை எப்படி நிற்க வைத்தார்கள் என்பதுதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்த கேள்வி.

வீட்டை வடிவமைத்த ஃப்ராங்க் லாயிட் ரைட்டுக்கு அப்போது வயது 67. பொருளாதார மந்தக் காலம். கையில் பெரிய வேலை ஏதும் இல்லை. அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். காஃப்மனின் மகன், அவர் பெயரும் எட்கர்தான், 1934இல் விஸ்கான்சினில் ரைட் நடத்திய டாலியெசின் குருகுலத்தில் சேர்ந்தார். மகன் வழியாகத்தான் அப்பாவுக்கு அறிமுகம். அந்த ஆண்டு டிசம்பரில் ரைட் ஓடையைப் பார்க்க வந்தார்.

வந்து பார்த்தவர் கேட்ட முதல் பொருள் எனக்கு மிகவும் பிடித்தது. நில அளவை வரைபடம் வேண்டும் என்றார். மேடுபள்ளக் கோடுகள் மட்டும் போதாது, ஒவ்வொரு பாறையும், ஓரளவு பருத்த ஒவ்வொரு மரமும் அதில் இருக்க வேண்டும். 1935 மார்ச்சில் அது தயாரானது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவர் எதையும் வரையவில்லை. செப்டம்பரில் ஒரு நாள் மில்வாக்கியிலிருந்து காஃப்மன் தொலைபேசியில் கூப்பிட்டு, படங்களைப் பார்க்க வருகிறேன் என்றாராம். அவர் காரில் வந்து சேர்வதற்குள், சில மணி நேரத்தில், ரைட் வீட்டை முழுவதுமாக வரைந்து முடித்தார் என்று அங்கே இருந்த மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் அந்தச் சில மணி நேரத்தைத்தான் வியக்கிறார்கள். எனக்கு அந்த நில அளவை வரைபடம்தான் பெரிதாகத் தெரிகிறது. பாறை எங்கே, மரம் எங்கே என்று மாதக்கணக்கில் மனதில் ஓட்டிப் பார்த்தவருக்குக் கை வேகமாக ஓடாமல் என்ன செய்யும்?

சரி, காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

வெள்ளி, மில் ரன்

தம்பிதான் ஓட்டினான். சுங்க நெடுஞ்சாலையில் டானிகல் என்ற இடத்தில் இறங்கி, 381ஆம் எண் சாலையில் தெற்கே போக வேண்டும். அக்டோபர் நடுப்பகுதி. மேப்பிள் இலைகள் செக்கச் சிவந்து கிடந்தன, ஓக் மரங்கள் பழுப்பேறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில் ரோடோடென்ட்ரான் புதர்கள் மட்டும் தடித்த இலைகளோடு பச்சையாக நின்றன. மில் ரன் நெருங்கும்போது கைபேசியில் சிக்னல் போய்விட்டது.

வரவேற்பு இடம் மரத்தால் ஆன திறந்த மண்டபம். அங்கிருந்து குழுவாகக் கூட்டிப் போகிறார்கள். காட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் நடை. வீடு தெரிவதற்கு முன்பே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அப்புறம் ஒரு வளைவு, ஒரு சின்னப் பாலம், பாலத்தில் நின்று இடப்பக்கம் திரும்பினால் வீடு.

முதலில் பட்டது நிறம். கான்கிரீட் முழுவதும் வெளிறிய காவி. ரோடோடென்ட்ரான் இலை உதிர்ந்து காய்ந்தால் அதன் முதுகு என்ன நிறமோ அது. ஜன்னல் சட்டம், கதவுச் சட்டம் என்று இரும்பு எல்லாம் ஒரே சிவப்பு, செரோக்கி சிவப்பு என்கிறார்கள். வண்ணம் என்று பூசியது இந்த இரண்டு மட்டும்தான். ரைட் முதலில் கான்கிரீட்டுக்குத் தங்க இலை ஒட்டலாம் என்றாராம். காஃப்மன் சம்மதிக்கவில்லை. நல்ல வேளை.

சுவர்க் கல் எல்லாம் இந்த மலையின் மணற்பாறை. கூப்பிடு தூரத்தில் பழைய கல்குவாரி ஒன்று இருந்தது, அதிலிருந்து வெட்டியிருக்கிறார்கள். கட்டிய விதம்தான் அழகு. தட்டைக் கற்களைப் படுக்கை வசமாக அடுக்கி, இடையிடையே சிலவற்றை ஓர் அங்குலம், இரண்டங்குலம் வெளியே நீட்டி விட்டிருக்கிறார்கள். ஓடைக்கரைப் பாறை அடுக்கடுக்காக இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு சுவரைப் பார்த்தால் எது எங்கே முடிகிறது என்று உடனே சொல்ல முடியவில்லை. கட்டிய கொத்தனார்கள் இந்தப் பகுதிக்காரர்கள். அவர்களுடைய பெயர்களும் சுற்றிக்காட்டுபவர் வாயில் வர வேண்டும் என்று நினைத்தேன்.

வாசல் பின்பக்கம் ஒளிந்திருக்கிறது. பெரிய மனிதர் வீட்டு முகப்பு என்று எதுவும் இல்லை. கல் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய வழி. பக்கத்தில், ஓடையில் நடந்துவிட்டு வருபவர்கள் கால் கழுவத் தண்ணீர் விழும் சிறு தொட்டி. "நம்ம வீடு மாதிரியே இருக்கேக்கா, கால் கழுவிட்டு வரச் சொல்றாங்க" என்றான் தம்பி. உள்ளே நுழையும் இடம் இருட்டு, கூரை தாழ்வு. இரண்டு மூன்று படி ஏறித் திரும்பினால் கூடம், மூன்று பக்கமும் கண்ணாடி, அதற்கப்பால் காடு. ஒடுக்கிவிட்டுத் திறந்துவிடுவது ரைட்டின் பழக்கம் என்று படித்திருக்கிறேன். நெஞ்சில் அது நடக்கும்போதுதான் புரிகிறது.

கூடத்திலும் கூரை தாழ்வுதான். தம்பி ஆறடி, கையைத் தூக்கினால் தொட்டுவிடுவான் போலிருந்தது. உயரம் குறைவாக இருப்பதால் கண் மேலே போகாமல் பக்கவாட்டில் வெளியே ஓடுகிறது. தரையில் பாவிய தட்டைக் கல் அப்படியே கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளி மாடத்திலும் தொடர்கிறது. கண்ணாடி சுவரைச் சந்திக்கும் இடத்தில் சட்டமே கிடையாது. கல்லில் காடி வெட்டிக் கண்ணாடியை நேராகச் செருகியிருக்கிறார்கள்.

இப்போது கணப்பு அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். அடுப்பின் முன்னால் தரையைப் பிளந்துகொண்டு ஒரு பாறை எழுந்து நிற்கிறது. கொண்டுவந்து வைத்தது இல்லை. வீடு வருவதற்கு முன்பே அங்கே இருந்த பாறை. காஃப்மன் குடும்பம் ஓடைக்கு வந்தால் அதன்மேல்தான் படுத்து வெயில் காய்வார்களாம். வீட்டின் நடுமையமாக ரைட் அதையே வைத்தார். ஆனால் தரை மட்டத்துக்குச் செதுக்கிவிடலாம் என்பது அவர் எண்ணம். காஃப்மன்தான் வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும் என்று நின்றார். மற்றத் தரைக்கல் எல்லாம் மெழுகு தேய்த்து ஈரம் போல மின்னுகிறது. இந்தப் பாறைக்கு மட்டும் மெழுகு கிடையாது. அதனால் ஓடும் தண்ணீரிலிருந்து காய்ந்த பாறை தலை தூக்கியிருப்பதாகத் தெரிகிறது.

இயற்கையோடு இயைந்த கட்டடக்கலை என்று ரைட் வாழ்நாள் முழுக்கப் பேசினார். அந்தப் பெயரில் இன்று இலை வடிவக் கூரை, சங்கு வடிவப் படிக்கட்டு என்று என்னென்னவோ கட்டுகிறார்கள். இந்த வீட்டில் இலையும் இல்லை, சங்கும் இல்லை. பெரும்பாலும் நேர்கோடுகளும் செங்கோணங்களும்தான். இடம் சொன்னதைக் கேட்டு வீடு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பாறை இருந்த இடத்தில் அடுப்பு வந்தது. மரம் நின்ற இடத்தில், வாகனப் பாதைக்கு மேலே போகும் கான்கிரீட் சட்டம் ஒன்று வளைந்து மரத்துக்கு வழிவிட்டது. என் மனதில் இந்தச் சொல்லுக்குப் பொருள் இனிமேல் அந்த மெழுகிடாத பாறைதான். அதைக் காப்பாற்றியது கலைஞர் இல்லை, வீட்டுக்காரர் என்பதையும் மறக்க மாட்டேன்.

கூடத்தின் ஒரு பக்கம் கண்ணாடி மூடி. அதைத் தள்ளித் திறந்தால் தொங்கும் படிக்கட்டு நேரே ஓடைக்கு இறங்குகிறது. கீழிருந்து குளிர்ந்த காற்று ஏறி வந்தது. தண்ணீர்ச் சத்தமும் சட்டென்று கூடியது. அருவிச் சத்தம் வீடு முழுக்க இருக்கிறது, ஆனால் கூடத்திலிருந்து அருவி தெரியாது. அது நமக்குக் கீழே விழுந்துகொண்டிருக்கிறது. காஃப்மன் குடும்பம் எதிர்பார்த்தது அருவியைப் பார்த்தபடி கீழ்ப்புறம் ஒரு வீடு. அருவியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அதோடு வாழுங்கள் என்று சொல்லி ரைட் அதன் தலைமேல் கொண்டுபோய் வைத்தார். தினமும் பார்க்கும் காட்சி சீக்கிரம் பழகிப்போகும். சத்தம் அப்படி இல்லை. மழைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்கும்.

மாடி அறைகள் சின்னவை. உள்ளே எவ்வளவு இடமோ, ஏறக்குறைய அதே அளவு வெளி மாடங்களும் இருக்கின்றன. அறையில் அடைந்து கிடக்காமல் வெளியே போகட்டும் என்ற எண்ணம். குளியலறைத் தரையும் சுவரும் தக்கை ஓடு. பெரிய காஃப்மனின் அறையில் ஒரு மேசை இருக்கிறது. பக்கத்து ஜன்னல் உள்பக்கம் திறக்க வேண்டும் என்பதற்காக மேசைப் பலகையில் கால்வட்டமாக வெட்டியிருக்கிறார்கள். அதே அறையில் மூலைக்குத் தூண் கிடையாது. இரண்டு பக்க ஜன்னலையும் திறந்தால் அறையின் மூலையே காணாமல் போகிறது.

மேலே, 1939இல் கட்டிய விருந்தினர் வீட்டுக்குப் போகும் நடைபாதைக்கு வளைந்த கான்கிரீட் கூரை ஒன்று, மலைச்சரிவோடு படிப்படியாக இறங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் மெல்லிய இரும்புக் கால்கள், மறு பக்கம் ஒன்றும் இல்லை. என்னை விட்டிருந்தால் அதன் கீழேயே சாயங்காலம் வரை இருந்திருப்பேன்.

கடைசியில் ஓடையின் கீழ்ப்பக்கம் இறங்கினால் எல்லாப் படங்களிலும் வரும் அந்தக் காட்சி. படத்தில் தெரிவதைவிட வீடு சின்னது. காடு மிகப் பெரியது.

இரவு விடுதியில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது தம்பி கேட்டான்.

"அக்கா, இந்த டிராயிங் உன்கிட்ட வந்திருந்தா கையெழுத்துப் போட்டிருப்பியா?"

வீட்டில் நின்றபோது முழுக்க இதே யோசனைதான் எனக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடிமானத்தோடு நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தை, தண்ணீர் வாளியைத் தூக்கி நீட்டிய கையாக நினைத்துக்கொள்ளலாம். இழுவிசை மேல்பக்கம் வரும், கம்பியும் மேல்பக்கம் வேண்டும். நம் ஊர் சன்ஷேடில் நடப்பதுதான். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மேல் கம்பியை மிதித்துக் கீழே தள்ளிவிடுவார்கள், கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் சுவரோரம் விரிசல் ஓடும். ஃபாலிங்வாட்டரில் கூடத்தின் தளம் சுமார் 15 அடி வெறும் காற்றில் நீண்டிருக்கிறது.

தளத்தைத் தலைகீழாக அமைத்தது நல்ல யோசனை. தட்டையான ஸ்லாப் கீழே, விட்டங்கள் அதற்கு மேலே, அதன்மேல் மரச்சட்டம், அதற்கும் மேல் தரைக்கல். நீட்சித் தளத்தில் கீழ்ப்பக்கம்தான் அழுத்தம் வரும். அழுத்தத்தைத் தாங்கக் கான்கிரீட் அங்கே அகலமாகக் கிடைக்கிறது. அடியிலிருந்து பார்த்தால் வழவழப்பான பரப்பும் கிடைக்கிறது. ரைட்டுடன் இருந்த பொறியாளர்கள் மெண்டல் கிளிக்மன், வெஸ் பீட்டர்ஸ் இருவரும் திறமைசாலிகள்.

ஆனால் கம்பி போதவில்லை. காஃப்மனுக்குச் சந்தேகம் வந்து பிட்ஸ்பர்க் பொறியாளர்களிடம் படத்தைக் காட்டினார். அவர்கள் ஐயங்களை அடுக்கி ஓர் அறிக்கை எழுதினார்கள். ரைட்டுக்கு வந்ததே கோபம், படங்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதிவிட்டார். காஃப்மன் பணிந்துபோனார். அந்த அறிக்கையை வீட்டின் கல் சுவர் ஒன்றுக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள். இருந்தாலும் கூடத்துத் தளத்தின் விட்டங்களில், ரைட்டுக்குச் சொல்லாமல், கூடுதல் கம்பி போடப்பட்டது. தெரியவந்தபோது அவர் மறுபடியும் கொதித்தார்.

இன்னொரு கதையும் உண்டு. மேற்கு மாடத்தின் கீழே, பொறியாளர்கள் பேச்சைக் கேட்டு ஒரு சுவரை நீட்டித் தாங்கலாகக் கட்டிவிட்டார்கள். ரைட் யாரிடமும் சொல்லாமல் அந்தச் சுவரின் மேல்வரிசைக் கல்லை மட்டும் எடுக்கச் சொன்னார். ஒரு மாதம் போனது. காஃப்மன் வந்தபோது இடைவெளியைக் காட்டி, பாருங்கள், சுவர் தாங்காமலேயே மாடம் நிற்கிறது என்றாராம். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஒரு மாதத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டதை மதிக்க முடியவில்லை. சுமை தாங்கும் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும்.

அப்படித்தான் ஆனது. கூடத்துத் தளத்தின் சென்ட்ரிங்கைப் பிரித்த உடனேயே ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கியது. 1990களில் அளந்தபோது நுனி 7 அங்குலம் வரை தாழ்ந்திருந்தது. ராபர்ட் சில்மன் என்ற பொறியாளரின் குழு கணக்குப் போட்டுப் பார்த்து இன்னொன்றையும் கண்டுபிடித்தது. மேலே உள்ள படுக்கையறை மாடம் தன் பாரத்தைத் தானே தாங்கவில்லை. கூடத்து ஜன்னல்களின் மெல்லிய இரும்புச் சட்டங்கள் வழியாக அந்தப் பாரமும் கீழ்த்தளத்தின் நுனியில் இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லாமல் போட்ட அந்தக் கூடுதல் கம்பிதான் இத்தனை காலம் தாங்கியிருக்கிறது. 1997இல் ஓடையில் இரும்புக் கால்கள் ஊன்றி முட்டுக் கொடுத்தார்கள். 2002இல் தரைக்கற்களைப் பெயர்த்தெடுத்து, விட்டங்களை ஒட்டி உருக்கு கேபிள்களை ஓட்டி, ஜாக்கி வைத்து இழுத்து இறுக்கினார்கள். கற்களைப் பழைய இடத்திலேயே திரும்பப் பதித்தார்கள். வளைவை நேராக்க முயலவில்லை, மேலும் இறங்காமல் நிறுத்தினார்கள். இன்று மாடத்தின் கைப்பிடிச் சுவரை ஓரத்திலிருந்து பார்த்தால் அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரிகிறது. நான் தேடிப் பார்த்தேன்.

நிலத்தை அளந்ததில் காட்டிய அக்கறையைக் கம்பியிலும் காட்டியிருக்கலாம். எனக்கு இந்த வீட்டின் மேல் உள்ள ஒரே வருத்தம் இதுதான். அதைச் சொல்வதால் வீட்டின் மேல் உள்ள அன்பு குறையவில்லை. கடைக்காரரின் பயம், பெயர் தெரியாத பொறியாளர்களின் பிடிவாதம், கல் அடுக்கிய கொத்தனார்கள், அறுபது ஆண்டு கழித்து வந்து கேபிள் இழுத்தவர்கள், இவர்கள் அத்தனை பேரும் கட்டிய வீடு இது.

தம்பிக்கு நான் சொன்ன பதில்: "மேல் கம்பியை ரெண்டு மடங்காக்கிட்டுப் போட்டிருப்பேன்டா."

"அவர் சண்டைக்கு வந்திருப்பாரே?"

"வரட்டும்."

சனி, ஒஹையோபைல்

காலையில் கென்டக் நாப். ஃபாலிங்வாட்டரிலிருந்து பக்கம்தான், அதுவும் ரைட்டின் வீடு. பக்கத்து ஊரான யூனியன்டவுனில் ஐஸ்கிரீம் தொழில் செய்த ஹேகன் தம்பதியர், ஃபாலிங்வாட்டரைப் பார்த்து மயங்கி, எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று போய் நின்றார்கள். ரைட்டுக்கு அப்போது வயது 86. வீடு 1956இல் முடிந்தது.

இது மலையின் உச்சியில் இல்லை, உச்சிக்குச் சற்றுக் கீழே சரிவில் பதுங்கியிருக்கிறது. ஒரே தளம். அறுகோணத்தை அளவாக வைத்து வரைந்திருக்கிறார், அதனால் அறைகளின் மூலைகள் எல்லாம் விரிந்தோ குறுகியோ இருக்கின்றன. வீட்டின் நடுவே அடுப்படி. அதுவும் அறுகோணம், மேலே வானவெளிச்சம். படுக்கையறைப் பக்கம் போகும் நடை இரண்டடிகூட இருக்காது. மணற்பாறைச் சுவரும் சிவந்த சைப்ரஸ் மரமும். பின்பக்கம் நீண்டு வரும் கூரையில் அறுகோணத் துளைகள் விட்டிருக்கிறார்கள். அவற்றின் வழியே வெயில் விழுந்து தரையில் நகர்ந்துகொண்டிருந்தது.

அமைதியான வீடு. குடியிருக்க எதைத் தேர்ந்தெடுப்பாய் என்றால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஹேகன் தம்பதியரும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இங்கே இருந்திருக்கிறார்கள். ஆனால் நேற்று இரவு எனக்குத் தூக்கம் வராமல் செய்தது அந்த வீடு. இது அப்படிச் செய்யாது.

மதியம் ஒஹையோபைல் அருவி. யாக்கியகேனி ஆறு ஊரை ஒட்டி வளைந்து, அகலமாக விழுகிறது. ரப்பர் படகில் வெள்ளநீரில் போகிறவர்கள், பழைய ரயில்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என்று ஒரே கூட்டம். பேர் ரன் ஓடை கடைசியில் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. கரைப் பாறையில் உட்கார்ந்து அதன் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில அடுக்குகள் துருத்திக்கொண்டும் சில உள்வாங்கியும் இருந்தன. நேற்று பார்த்த சுவரின் பாடம் இங்கேயே இருக்கிறது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஃபாலிங்வாட்டரில் இப்போது எங்கெல்லாம் ஒழுகுமோ என்று நினைத்தேன். காஃப்மன் அதை ஏழு வாளி வீடு என்பாராம், மழை பெய்தால் அத்தனை வாளி வைக்க வேண்டும் என்று. தட்டைக் கூரை, சட்டமில்லாத கண்ணாடி, ஓடையின் ஈரம், மூன்றும் சேர்ந்தால் ஒழுகாமல் இருக்குமா? இந்த வீட்டைக் காப்பவர்களுக்குத் தண்ணீரோடு ஓயாத வேலை.

1963இல் இளைய எட்கர் வீட்டையும் சுற்றியுள்ள காட்டையும் மேற்கு பென்சில்வேனியா இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டிலிருந்து பொதுமக்கள் பார்க்கலாம். பெற்றோர் இருவரும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அருங்காட்சியகத்திடம் கொடுக்காமல் காடு காப்பவர்களிடம் கொடுத்தார் பாருங்கள், அது சரியான முடிவு. காடு போனால் ஓடை போகும். ஓடை போனால் அந்த வீட்டுக்கு அங்கே என்ன வேலை? 2019இல் ரைட்டின் வேறு ஏழு கட்டடங்களோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இதையும் வைத்தது.

ஞாயிறு, பென் ஹில்ஸ்

திரும்பும் வழியில் பிட்ஸ்பர்க் பெருமாள் கோவில். அமெரிக்காவில் மரபு முறைப்படி எழுந்த ஆரம்பகாலக் கோவில்களில் ஒன்று, 1970களில் கட்டியது. மேட்டில் வெள்ளைக் கோபுரம், சுற்றிலும் பழுத்த மரங்கள். தரிசனம் முடிந்து கீழே புளியோதரை சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், புதுச்சேரிக்காரர், எங்கே போய் வருகிறீர்கள் அம்மா என்று கேட்டார். சொன்னேன். உடனே, "அப்ப நம்ம கோல்கோண்ட் பார்த்திருக்கீங்களா?" என்றார். அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி அது. வடிவமைத்த அன்டோனின் ரேமண்ட், டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்ட ரைட்டோடு போனவர். ஃபாலிங்வாட்டர் எழுந்த அதே 1930களில்தான் அதன் வேலையும் தொடங்கியது. திருப்பித் திறந்து மூடும் பலகைகளையே சுவராக வைத்து, புதுச்சேரிப் புழுக்கத்தில் மின்விசிறி இல்லாமலே காற்று வரும்படி செய்திருக்கிறார்கள். கான்கிரீட் வேலையின் நேர்த்தியைப் பற்றிப் பெரியவர் பேசப் பேச, நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். ரைட்டிடமிருந்து கிளம்பிய ஒரு கிளை நம் கடற்கரை வரைக்கும் வந்திருக்கிறது. உள்ளே பார்க்க அனுமதி வாங்க வேண்டுமாம். ஊருக்குப் போனதும் எழுதிக் கேட்கப் போகிறேன்.

ஃபாலிங்வாட்டருக்குப் போக நினைப்பவர்களுக்கு: சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், இலை நிறம் மாறும் அக்டோபரில் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். புதன்கிழமை வழக்கமாக விடுமுறை. குளிர்கால நடுவிலும் மூடிவிடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் போகும் சுற்றில் ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளை அனுமதிப்பதில்லை. படிகள் நிறைய, வழுக்காத செருப்பு நல்லது. இன்னொன்று, ஓடையின் கீழ்ப்பக்கம் இருக்கும் அந்தப் படக்காட்சி இடத்துக்கு முதலில் ஓடாதீர்கள். பாலத்தில் நின்று பாருங்கள், உள்ளே போய் அந்தப் பாறையைப் பாருங்கள், மாடத்தில் நின்று காலுக்குக் கீழே அருவியைக் கேளுங்கள், அதற்கப்புறம் இறங்குங்கள்.